கை தேர்ந்தும் பட்டியலில் பெயரில்லை: பிரிட்டனில் சிறப்பு மருத்துவராகப் பதிவு பெறுவது

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. ஒரே துறையில் இரண்டு மூத்த மருத்துவர்கள். இருவரும் வார்டு ரவுண்டு போகிறார்கள், இளம் மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், நள்ளிரவில் போன் வந்தால் எழுந்து ஓடி வருகிறார்கள். ஆனால் ஒருவர் கன்சல்டன்ட், அதாவது துறையின் நிரந்தர மூத்த நிபுணர். மற்றவர் 'லோகம் கன்சல்டன்ட்'. அதாவது காலியாக இருக்கும் இடத்தைத் தற்காலிகமாக நிரப்புபவர். ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள், மறுபடி முடியும். குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக் கடன் வாங்குவது எல்லாம் அடுத்த ஒப்பந்தத்தைப் பொறுத்தே.

இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பட்டியல். சிறப்பு மருத்துவர் பதிவேடு என்று பெயர். 1997 ஜனவரி 1 முதல், அதில் பெயர் இல்லாதவரை அந்நாட்டு தேசிய சுகாதார சேவையில் நிரந்தர கன்சல்டன்ட்டாக நியமிக்க முடியாது. தற்காலிகப் பணிக்கு அந்த நிபந்தனை இல்லை. நோயாளியை ஒப்படைக்கத் தடையில்லை, நிரந்தரப் பணி தருவதற்குத்தான் தடை.

வெளிநாட்டில் நிபுணராவதைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் 'அங்கே பரீட்சை பாஸ் பண்ணணும்' என்பதோடு முடிந்துவிடும். பரீட்சை கஷ்டம்தான், ஆனால் படித்தால் கடக்கக்கூடியது. அதற்கு அப்புறம் வருவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த இடத்தில் அவர்கள் கேட்பது சாட்சி. நீங்கள் செய்தீர்கள், நன்றாகச் செய்தீர்கள் என்பதை அன்றே பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்தவர்கள் யார் என்று கேட்கிறார்கள்.

மதுரையில் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். எம்.டி. முடித்துப் பன்னிரண்டு வருடம். சிசேரியனுக்கு எத்தனை ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) போட்டிருப்பீர்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே 'கணக்கே இல்லை' என்பார். நம் பேச்சில் அது பெருமை. அவர் மனு போடப்போகும் இடத்தில் அதே பதில்தான் முதல் தடை.

முதல் வாசலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் யார் மருத்துவம் பார்க்கலாம் என்று முடிவு செய்வது 1858-இல் சட்டத்தால் உருவான பொது மருத்துவக் கவுன்சில், ஜி.எம்.சி. அதன் பதிவும் உரிமமும் இருந்தால் மருத்துவராக வேலை செய்யலாம், நிபுணராக அல்ல. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதினால் நான்கு பிரிவிலும் 'பி' வேண்டும். பட்டம் உண்மையானதுதானா என்று படித்த கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்வார்கள். பதிவு செய்திருக்கும் கவுன்சிலிடமிருந்து, தமிழ்நாட்டில் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமிருந்து, இவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்லும் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ் வாங்க வேண்டும். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். கல்லூரியின் பதில் தாமதமானால் இது காலாவதியாகிவிடும், மறுபடி வாங்க வேண்டும். இந்த ஓட்டத்திலேயே பலர் களைத்துப் போகிறார்கள்.

பிறகு வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு ஜி.எம்.சி. வைக்கும் பிளாப் தேர்வு. முதல் பகுதி மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்குப் போக வேண்டும். அங்கே 16 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம். நடிகர்கள் நோயாளிகளாக உட்கார்ந்திருப்பார்கள். எம்.ஆர்.சி.பி. போன்ற, துறைவாரி மருத்துவர் அமைப்புகளான ராயல் கல்லூரிகளின் தேர்வுகளை முழுதாக முடித்தவர்களுக்கு பிளாப் தேவையில்லை.

இரண்டாம் பகுதியில் நம்மவர்கள் தடுமாறினால் அது பெரும்பாலும் மருத்துவ அறிவால் அல்ல. நம் வார்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் மருத்துவரைத் தனியாக அழைத்துப்போய் 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்' என்பார். மருத்துவரும் தலையசைப்பார். அது இங்கே அன்பின் மொழி, தவறு என்று யாருக்கும் தோன்றாது. பிரிட்டனில் அந்தச் செய்தி முதலில் அந்தத் தாய்க்கு உரியது. அவர் சம்மதித்தால்தான் மகனுக்கே சொல்லலாம். எட்டு நிமிடத்தில் அந்த மகனை மனம் நோகாமல் மறுக்கவும் வேண்டும், தாய் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கவும் வேண்டும். இருபது வருடம் வேறு விதமாகப் பேசிப் பழகிய நாக்கை மாற்றுவது, மருந்தின் அளவை மனப்பாடம் செய்வது போன்ற வேலை அல்ல. அந்த நாட்டு நோயாளிக்கு அந்த நாட்டு வழக்கப்படி பேசக்கூடியவர் வேண்டும் என்று கேட்பது நியாயம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி இரண்டாவது வாசல். பதிவேட்டில் பெயர் ஏற இரண்டு வழி. ஒன்று, பிரிட்டனிலேயே பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து முடிப்பது. மயக்கவியலுக்கு அது ஏழு வருடம். முடிவில் பயிற்சி நிறைவுச் சான்றிதழ், சி.சி.டி., கிடைக்கும். நம் மதுரை மருத்துவர் நாற்பது வயதில் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் ஆவணமாகத் திரட்டி, நிபுணருக்கு இருக்க வேண்டிய எல்லாம் தனக்கும் இருக்கிறது என்று நிரூபிப்பது. 2005-இல் வந்த இந்த வழி நீண்ட காலம் சி.இ.எஸ்.ஆர். என்று அழைக்கப்பட்டது. 2023 நவம்பர் 30-இலிருந்து அதற்குப் பெயர் 'போர்ட்ஃபோலியோ' வழி.

பெயரோடு சட்டத்தின் அளவுகோலும் மாறியது. முன்பு பிரிட்டனில் பயிற்சி முடித்தவருக்கு நிகரானவர் என்று காட்ட வேண்டும். இப்போது அந்தத் துறையின் நிபுணருக்குத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் இருப்பதைக் காட்ட வேண்டும். பயிற்சியின் ஒவ்வொரு படியையும் தன் வாழ்க்கையோடு ஒட்டிக் காட்டும் சங்கடம் இதனால் குறைந்திருக்கிறது. ஆனால் கோப்பின் தடிமன் பெரிதாகக் குறையவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள். பல துறைகளில் ஆயிரம் பக்கத்தை நெருங்கும்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கும்? செய்த கேஸ்களின் பதிவேடு: எந்த நாள், என்ன வயது நோயாளி, என்ன செய்யப்பட்டது, மேற்பார்வையில் செய்தாரா தனியாகவா. ஒவ்வொரு தாளிலும் நோயாளியின் பெயரும் அடையாளமும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் பொறுப்பான ஒருவர் இது உண்மை நகல் என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்திருக்க வேண்டும். தன் வேலையைத் தானே அளந்து, குறை கண்டு, திருத்தி, மறுபடி அளந்த 'ஆடிட்' அறிக்கைகள் வேண்டும். மரண ஆய்வுக் கூட்டங்களின் குறிப்பு வேண்டும். ஆண்டுதோறும் நடந்த பணி மதிப்பீடு வேண்டும். கூட வேலை செய்த மருத்துவர்கள், செவிலியர்கள், தியேட்டர் டெக்னீஷியன்கள் பெயர் சொல்லாமல் தந்த கருத்துகளும் நோயாளிகள் தந்த கருத்துகளும் வேண்டும். தவறிய ஒரு சம்பவத்தைப் பற்றி அவரே எழுதிய சிந்தனைக் குறிப்பு வேண்டும். எல்லாம் பெரும்பாலும் அண்மைய ஐந்தாறு வருடங்களுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். அதற்கு முந்தையதற்கு மதிப்பு குறைவு.

மதுரை மருத்துவர் இதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைப்பார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கேஸ் ஓடும் தியேட்டரில் அவர் பெயர் ரெஜிஸ்டரில் இருக்கும். ஆனால் அந்த ரெஜிஸ்டர் மருத்துவமனையுடையது, நோயாளியின் பெயரோடு இருப்பது, சில வருடம் கழித்து ரெக்கார்டு அறைக்குப் போய்விடுவது. ஆடிட் என்றால் நம் ஊர் அரசு ஊழியருக்குக் கணக்குத் தணிக்கைதான் நினைவுக்கு வரும். ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் 'இந்த டாக்டரைப் பற்றி உங்கள் கருத்து என்ன, பெயர் போட வேண்டாம்' என்று யார் கேட்டார்கள்? தவறைப் பற்றி எழுதி வைப்பது என்றால், வழக்குப் போடுபவன் கையில் காகிதத்தைக் கொடுப்பது என்றல்லவா சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்? வேலை நடந்தது, உயிர்கள் பிழைத்தன, தடயம் மட்டும் இல்லை.

இன்னொரு சிக்கல் இன்னும் வருத்தமானது. அந்தக் கோப்பு துறை முழுவதையும் காட்ட வேண்டும். மயக்கவியல் என்றால் பிரசவம், குழந்தைகள், மூளை, இதயம், தீவிர சிகிச்சை, வலி நிவாரணம் எல்லாம். பத்து வருடம் இதய அறுவைக்கு மட்டும் மயக்கம் கொடுத்து, அதில் பேர் வாங்கியவரிடம் குழந்தைகளுக்கான அண்மைய சான்று இருக்காது. ஒன்றில் ஆழமாகப் போனவருக்கு, பலவற்றில் மேலோட்டமாக இருப்பவரை விட இந்த வழி கடினம். அதனால்தான் பலர் பிரிட்டன் போய் ஸ்பெஷாலிட்டி டாக்டர் என்ற நடுத்தரப் பதவியில் சேர்ந்து, விடுபட்ட பிரிவுகளில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெஞ்சி வாங்கி, தடயத்தை அங்கேயே புதிதாக உருவாக்கிக்கொள்கிறார்கள். மனு தோற்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைகளை நிரப்பி மறுஆய்வு கேட்கலாம்.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைப் பார்த்தால், நம்பிக்கை யார் மேல் வைக்கப்பட்டது என்பதே மாறிக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது.

ஆரம்பத்தில் நம்பிக்கை கல்லூரியின் மேல் இருந்தது. இந்தியப் பட்டங்களை ஜி.எம்.சி. ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், பட்டத்தைக் காட்டினால் லண்டனில் பதிவு கிடைத்துவிடும். அந்த நம்பிக்கை 1930-இல் ஒரு முறை உடைந்தது. இந்தியப் பட்டங்களின் அங்கீகாரத்தை, மகப்பேறு மருத்துவப் பயிற்சியின் தரத்தைச் சொல்லி, ஜி.எம்.சி. நிறுத்தியது. இந்தியா முழுமைக்கும் தரத்துக்குச் சாட்சி சொல்ல ஓர் அமைப்பு இல்லை என்பதும் அன்றைய வாதம். 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்ததற்கு அது நேரடிக் காரணங்களில் ஒன்று. நம் நாட்டின் மருத்துவக் கவுன்சிலே இன்னொரு நாட்டின் பதிவேட்டுக்குச் சாட்சி சொல்லும் தேவையிலிருந்து பிறந்தது என்பதை நம் மருத்துவ மாணவர்கள் எத்தனை பேருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை.

பிறகு அங்கீகாரம் திரும்பியது. 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கி, ஆள் போதாமல் திணறியபோது துணைக்கண்டத்து மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். வேலை கிடைத்தது, விரும்பிய துறை கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சையும் இதயமும் உள்ளூர்க்காரர்களுக்கு. முதியோர் மருத்துவமும் மனநலமும் போட்டி இல்லாத இடங்கள் என்பதால் வந்தவர்களுக்கு. பிரிட்டனில் முதியோர் மருத்துவம் இன்று மதிக்கப்படும் துறையாக நிற்பதில் தெற்காசிய மருத்துவர்களின் உழைப்பு பெரும் பங்கு. வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் தலைமுறைகளாகக் குடும்ப மருத்துவம் பார்த்ததும் அவர்கள்தான்.

1975-இல் இந்தியப் பட்டங்களின் அங்கீகாரம் மறுபடி விலக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த தேர்வுதான் பின்னால் பிளாப் ஆனது. கல்லூரியை நம்புவதை விட்டுத் தனி ஆளைச் சோதிக்கும் காலம் அன்று தொடங்கியது. 1997-க்கும் 2005-க்கும் பின் தனி ஆளின் பரீட்சையும் போதாமல், தனி ஆளின் கோப்பு என்றானது. ஒவ்வொரு மாற்றத்திலும் சுமை நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கி, மருத்துவரின் தோளில் ஏறியிருக்கிறது. ஆதாரம் கேட்பதில் எனக்குக் குறையில்லை. மயக்கத்தில் கிடப்பவர் என் தாயாக இருந்தால் நானும் கேட்பேன். ஆனால் ஆதாரம் உருவாகாத இடத்தில் வேலை செய்தவரை, அந்த இடத்தின் குறைக்காகத் தண்டிக்கிற ஏற்பாடு இது. அதை மட்டும் ஏற்க முடியவில்லை.

வாசல் தரத்தால் மட்டும் திறந்து மூடுவதும் இல்லை. 2006 மார்ச்சில், வெளிநாட்டு மருத்துவர்கள் பணி அனுமதி இல்லாமல் பயிற்சி பெறும் ஏற்பாட்டை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்துவதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. சில வாரங்கள்தான் அவகாசம். கடன் வாங்கிப் பிளாப் எழுதி, அங்கே போய் ஒரே அறையில் நான்கைந்து பேர் தங்கி வேலை தேடியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டது. உள்நாட்டவருக்கும் ஐரோப்பியருக்கும் பிறகே இவர்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை தந்த வழிகாட்டல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2008 ஏப்ரலில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் திரும்பிவிட்டிருந்தார்கள். 2019-இல் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் மருத்துவர் பணி முழுவதும் சேர்க்கப்பட்டு, வாசல் மறுபடி அகலத் திறந்தது. பயிற்சி இடங்களுக்கு மனுக்கள் குவிந்தன. 2025 ஜூலையில் இங்கிலாந்துக்கான பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் பிரிட்டன் பட்டதாரிகளுக்கும் ஏற்கெனவே நீண்ட காலம் அங்கே பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. பயிற்சித் திட்டத்தின் கதவு ஒடுங்க ஒடுங்க, ஆயிரம் பக்கக் கோப்பின் பக்கம் வருபவர்கள் கூடுவார்கள்.

இலங்கையில் இதே பயணம் வேறு உருவத்தில் நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. முடிப்பவர் உடனே வைத்திய நிபுணராகிவிடுவதில்லை. பெரும்பாலான துறைகளில் சிரேஷ்ட பதிவாளராக (நிபுணர் பயிற்சியின் இறுதிக் கட்டத்திலுள்ள மருத்துவர்) உள்நாட்டில் பயிற்சி பெற்றபின், வழக்கமாக ஒரு வருடம் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும். பிரிட்டனும் அவுஸ்திரேலியாவும் வழமையான இடங்கள். திரும்பி வந்தபின்தான் சபைச் சான்று, பிறகு நியமனம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒரு நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் நோயாளிக்குத் தெரியாமலே, அந்த நிபுணரின் கையில் வேறொரு நாட்டின் ஒரு வருடம் இருக்கிறது. பிரிட்டனில் இப்படிப் போகிறவர்களுக்கு 'எம்.டி.ஐ.' என்ற திட்டம் உண்டு. அதிகபட்சம் 24 மாதம். ராயல் கல்லூரி போன்ற அமைப்பு பொறுப்பேற்றுக்கொள்வதால் பிளாப் வேண்டாம். முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இதில் எனக்குப் பிடித்தது, சாட்சி சொல்லும் பொறுப்பை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் எடுத்துக்கொள்வது. மருத்துவர் தனியாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் 2022-இன் பொருளாதார நெருக்கடி அந்த ஏற்பாட்டின் அடியையே அசைத்தது. சம்பளம் கரைந்து, மருந்தும் எரிபொருளும் இல்லாத நாட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்று, பயிற்சிக்குப் போன இடத்திலேயே பலர் தங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நிபுணர் இல்லாமல் மூடிக் கிடக்கும் ஒரு கிளினிக்கை நினைத்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

மற்ற நாடுகள் எப்படி? அமெரிக்காவில் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளுக்குப் பின் மருத்துவமனையில் பெறும் நிபுணர் பயிற்சியான ரெசிடென்சியை மறுபடி முதலிலிருந்து செய்வதுதான் பொது விதி. டென்னசி மாநிலம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றி, வெளிநாட்டில் பயிற்சி முடித்தவருக்கு நிபந்தனையோடு தற்காலிக உரிமம் தர வழி செய்தது. கனடாவின் ராயல் கல்லூரி சில நாடுகளின் பயிற்சியை மட்டும் ஏற்கிறது. பிரிட்டனும் சிங்கப்பூரும் அதில் உண்டு, இந்தியாவும் இலங்கையும் இல்லை. அவுஸ்திரேலியாவில் துறைசார் கல்லூரிகள் விண்ணப்பதாரரை 'கணிசமாக ஒப்பானவர்', 'ஓரளவு ஒப்பானவர்', 'ஒப்பாகாதவர்' என்று மூன்றாகப் பிரித்து, முதல் வகையினருக்குப் பன்னிரண்டு மாதம் வரையும் இரண்டாம் வகையினருக்கு இருபத்து நான்கு மாதம் வரையும் மேற்பார்வைப் பணி வைக்கின்றன. 2024 அக்டோபரில் அங்கே ஒரு விரைவு வழியும் வந்தது. அதிலும் மயக்கவியலுக்கு, பிரிட்டனிலிருந்து வருபவரிடம் சி.சி.டி. கேட்கப்படுகிறது. ஆயிரம் பக்கம் அடுக்கிப் பதிவேட்டில் ஏறியவர், சி.சி.டி. வைத்திருக்கும் பக்கத்து அறைக்காரரோடு ஒரே பதவியில் இருந்தாலும், நாடு மாறினால் மறுபடி பின்வரிசைக்குப் போகிறார்.

இந்தப் பாதை ஒரு திசையில்தான் கரடுமுரடு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் மருத்துவப் பட்டமும் அங்கீகாரம் பெற்ற முதுநிலைத் தகுதியும் பெற்றுத் திரும்பும் இந்தியருக்கு, வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய தகுதித் தேர்விலிருந்து இந்தியா விலக்கு அளிக்கிறது. நம் எம்.டி.க்கு அந்த ஐந்தில் எதுவும் அப்படிக் கை நீட்டுவதில்லை. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2023-இல் நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் பத்தாண்டு அங்கீகாரம் தந்தது நல்ல செய்தி. ஆனால் அது எம்.பி.பி.எஸ். அளவிலான அங்கீகாரம், நிபுணர் வாசலை அது தொடவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் உள்ளிருந்து வருகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி விதிமுறை 2023, ஒவ்வொரு பி.ஜி.யும் மின்பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. பல கல்லூரிகளில் இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து மூன்று வருடத்தையும் நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. யூனிட் சீஃபும் புரட்டாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பதிவேடு தேர்வுக்குப் போதும், ஜி.எம்.சி.க்குப் போதாது. அங்கே தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கும் ஒரு பி.ஜி. என்னிடம் கேட்டால், வெளிநாடு போகிறாயோ இல்லையோ, இன்றைய கேஸை இன்றே எழுது என்பேன். நோயாளியின் பெயர் வேண்டாம். வயது, செய்தது, யார் பக்கத்தில் நின்றார், என்ன ஆனது, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை சீஃபிடம் காட்டித் தேதியோடு கையெழுத்து வாங்கு. பரிந்துரைக் கடிதத்துக்கு, உன்னோடு அண்மையில் வேலை செய்து உன் வேலையைக் கண்ணால் பார்த்தவரைத்தான் கேட்பார்கள். ஸ்பைனல் ஊசியை உன் கையில் முதன்முதலில் கொடுத்த அந்த அம்மா அடுத்த ஜூனில் ஓய்வு பெறுகிறார் என்றால், அதற்கு முன்பே போய்க் கேட்டு, மருத்துவமனைத் தாளில், முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்.